சாமை வைத்துத் தைத்த ஜாக்கெட்

ஆனந்தமேரிக்குக் கல்யாணச் சீராக வந்த தையல் மெஷினில் அவள் ஒரு கைக்குட்டைகூடத் தைத்ததில்லை. அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, மாதா சொரூபத்தை வைத்து, மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். மெஷினில் கை வைத்தது அவள் புருஷன் அந்தோணிதாஸ்தான். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் அவர் ஃபிட்டர். அரவை ஓய்ந்த மாதங்களில் மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு நாள் மாதாவை மரியாதையாக அலமாரிக்கு மாற்றிவிட்டு மெஷினைக் கழற்றினார். மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விட்டு மாட்டினார். ஓடுகிறதா என்று பார்க்க ஒரு தலையணை உறை தைத்தார். ஓடியது. வீட்டிலிருந்த தலையணைகளுக்கெல்லாம் உறை தைத்தார். தலையணைகள் தீர்ந்துபோனதும் மனிதர்கள் பக்கம் திரும்பினார்.

முதலில் அகப்பட்டவள் மகள் ஜெனிபர். அப்போது சின்னப் பிள்ளை. கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ரோஜா நிறத்தில் ஒரு கவுன். இரும்புக் குழாயை அளக்கிற மாதிரியே பிள்ளையையும் அளந்தார், அளந்த அளவுக்கே வெட்டினார், நூல் பிசகவில்லை. நின்றால் ராஜகுமாரி மாதிரிதான் இருந்தாள். ஆனால் பூசையில் முழங்கால் போட்டபோது முதுகுப்பக்கம் டர்ரென்று கிழிந்து, பின்வரிசைக்காரர்கள் ஜெபத்தை விட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"இன்னாங்க, புள்ள மூச்சு வுட எடம் வைக்க மாட்டீங்களா? அது இன்னா பைப்பா?" என்றாள் ஆனந்தமேரி.

துணிக்கு லூஸ் என்று ஒன்று வைக்க வேண்டும் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்கப்புறம் விட்டுப் பிடித்துக் கற்றுக்கொண்டார். பருத்தித் துணியை வாங்கினால் வெட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்; சுருங்குகிறதெல்லாம் அங்கேயே சுருங்கிப்போகும். கோடு போட சாக்பீஸ் கிடையாது. குளித்துத் தேய்ந்த சோப்புச் சில்லு போதும், துவைத்தால் தடம் தெரியாது. கத்தரி மழுங்கினால் துரு தேய்க்கிற எமரித் தாளை நாலு தடவை நறுக்கினால் சரியாகிவிடும். ஊசி குத்தி ரத்தம் துணியில் பட்டால் உடனே எச்சில் தொட்டுத் தேய்க்க வேண்டும், அதுவும் குத்திக்கொண்டவர் எச்சில்தான் எடுபடும் என்பார். இந்தக் கடைசி விஷயத்தில் அவருக்கு அனுபவம் ஜாஸ்தி.

ஜெனிபர் பிளஸ் டூ வருவதற்குள் வீட்டில் கடைத்துணி என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. அவள் செல்போனில் படத்தைக் காட்டுவாள், இவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இத எங்க ஜாயின்ட் குடுத்துக்கறான்?" என்பார். ரெண்டு நாளில் உடம்பில் ஏறிவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில்தான் ஆனந்தமேரிக்கு இடது மார்பில் கட்டி வந்தது. புதுச்சேரிக்குக் கூட்டிப்போனார்கள். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டதால் உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள், ஆனால் அந்தப் பக்கத்தை முழுசாக எடுத்துவிட்டார்கள். புண் ஆறியது, மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவது நின்றது, கடைக்குப் போவது நின்றது. கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டால் முந்தானையை இழுத்து ரெண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வாள். ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கடையில் உள்ளே வைத்துக்கொள்ள ரப்பரில் ஒன்று வாங்கி வந்தார்கள். நம் ஊர் வெயிலில் அது உடம்போடு வெந்தது. பீரோவுக்குள் தூக்கிப் போட்டுவிட்டாள். நைனார்பாளையத்தில் இருக்கிற நாத்தனார் சாலம்மாளிடம்கூட, கட்டி இருந்தது, எடுத்தாச்சு என்று மட்டும்தான் சொல்லி வைத்திருந்தார்கள்.

அந்தச் சாலம்மாள்தான் பத்திரிகையோடு வந்து நின்றாள். அவள் மகன் ஜோஸ்வாவுக்குக் கல்யாணம். அந்தோணிதாஸ் தாய்மாமன். அக்கா பஸ் ஏறியதும் ஆனந்தமேரி சொல்லிவிட்டாள்:

"நீங்களும் பாப்பாவும் போய்ட்டு வாங்க. நான் வரலை."

"தாய்மாமன் பொண்டாட்டி இல்லாம எப்பிடி மேரி?"

"அண்ணி கட்டிப் புடிப்பாங்க. அவங்க கட்டிப் புடிச்சா எலும்பு நொறுங்கும். ஒரு பக்கம் ஒன்னுமில்லன்னு தெரியாமப் பூடுமா?"

கல்யாணத்துக்கு வராமல் போனால் ஊர் நாலு பேசும். பேசட்டும், அதைப் பற்றிக் கவலையில்லை. இந்த ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பாவிட்டால் இனி எதற்குமே இவள் வாசல்படி தாண்டமாட்டாள் என்றுதான் அந்தோணிதாஸ் பயந்தார். ராத்திரி முழுக்க யோசித்தார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தார்.

முதல் ஜாக்கெட்டில் இடப்பக்கம் இலவம்பஞ்சை வைத்துத் தைத்தார். பார்க்க எடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் பஞ்சுக்கு எடை ஏது? நடந்தால் ஜாக்கெட் அந்தப் பக்கம் மேலே ஏறிக்கொண்டது. ஆலையில் ஒரு பக்கம் லோடு கம்மியானால் சக்கரம் என்ன பாடுபடும் என்று அவருக்குத் தெரியாதா? எடை வேண்டும், உடம்போடு அசைய வேண்டும், சூடு ஏறக்கூடாது. மணல் குத்தும். அரிசி பெரிசு. சங்கராபுரம் சந்தையில் கல்வராயன் மலைக்காரம்மா ஒருத்தி சாமை விற்றுக்கொண்டிருந்தாள். விதைக்கு வைத்திருந்த, உமி நீக்காத சாமை. அதில் கையை விட்டு அளைந்து பார்த்தார். விரலுக்கிடையில் வழுவழுவென்று நழுவியது. எதற்கு என்று அவள் கேட்டபோது, "ஜாக்கெட்டுக்கு" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு பிடி கொசுறாகப் போட்டாள்.

சாமையைப் பருத்தித் துணியில் கட்டி, ஜாக்கெட்டுக்குள் வைத்து, நாலு பக்கமும் அடித்துத் தைத்துவிட்டார். ஃபிட்டர் புத்தி எங்கே போகும்? வெல்டு வைத்த மாதிரி. ஆனந்தமேரி போட்டுப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். "பரவால்ல" என்றாள். அந்த வார்த்தைக்கே அந்தோணிதாஸ் அன்றைக்குச் சோற்றை இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார்.

வியர்வை பட்டதே என்று அவள் அதைத் துவைத்தாள். கொடியில் காயப்போட்டால் பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிடுவாளாம். அறைக்குள் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டாள். காற்று இல்லை, வெயில் இல்லை, வெளியே மழை மூட்டம் வேறு. மூன்றாம் நாள் ஜெனிபர் கதவைச் சாத்தப் போனவள் கத்தினாள்.

"அம்மா! அப்பா தச்ச ஜாக்கெட்டு மொளச்சிகினு கீது!"

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். இடப்பக்கத்துத் துணியைப் பொத்துக்கொண்டு வெளிர்ப்பச்சையாகச் சாமை முளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தோணிதாஸுக்கு உயிரே போய்விட்டது. இனி தொலைந்தது, இவள் அழுதுகொண்டு கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தார். ஆனந்தமேரி முளையை ஒரு விரலால் தொட்டாள். அப்புறம் சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த வீடு அவள் சிரிப்பைக் கேட்டதில்லை. அந்தோணிதாஸ் அசட்டுத்தனமாகத் தானும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஏங்க, வெதச் சாமைய யாராச்சும் வறுக்காமப் போடுவாங்களா? வறுத்துப் போடுங்க. மொளைக்காது, வண்டும் வைக்காது. அடிச்சுத் தைக்காதீங்க, உள்ள பை வச்சுத் தைங்க. தொவைக்கும்போது எடுத்துட்டுத் தொவைப்பேன்."

அன்றிலிருந்து வேலையை அவளே கையில் எடுத்துக்கொண்டாள். சாமையை இரும்புச் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து ஆறவைத்தாள். தராசில் போடவில்லை, கையில் தூக்கிப் பார்த்தே போதும் என்றாள். ஜாக்கெட்டுக் கழுத்தை மூடித் தைக்கலாம் என்று அவர் சொன்னதும், "நான் இன்னா கன்னியாஸ்திரியா?" என்று கேட்டுவிட்டாள். பட்டுச்சேலை பச்சை. அதற்கு மாம்பழ நிறத்தில் துணி, படகுக் கழுத்து, முதுகில் குஞ்சம் என்று ஜெனிபர் தீர்ப்புச் சொன்னாள். கைதான் சிக்கல். ஆபரேஷனுக்குப் பிறகு இடது கை கொஞ்சம் வீங்கினாற்போல் இருந்தது. அந்தோணிதாஸ் ஜாக்கெட்டின் இடது கையை அகலமாக வெட்டி, அகலம் தெரியாதபடி தோளில் சின்னச் சின்னக் கொசுவம் வைத்து, வலது கைக்கும் அதேபோல் வைத்தார். குறையை மறைக்க வைத்தது கடைசியில் புது மாடலாக வந்து நின்றது.

"கிட்ட வந்தா உப்புமா வாசனை வருதும்மா" என்றாள் ஜெனிபர்.

"கல்யாண வூடுதானே, சமையக்கட்டுன்னு நெனச்சிக்குவாங்க."

நைனார்பாளையத்துக் கோயில் வாசலில் சாலம்மாள் ஓடி வந்தாள். வந்த வேகத்தில் தம்பி பொண்டாட்டியைக் கட்டிப் பிடித்தாள். அந்தோணிதாஸ் சீர்த்தட்டைப் பிடித்தபடி உறைந்துபோய் நின்றார். சாமை கொஞ்சம் அமுங்கியிருக்கும், அவ்வளவுதான். சாலம்மாள் விட்டுவிட்டு, "இன்னாடி இவ்ளோ எளச்சிட்ட!" என்றாள். அவருக்கு மூச்சு வந்தது.

பூசை முடிந்து, மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோதுதான் வந்தது வினை. சாலம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஆனந்தமேரியின் ஜாக்கெட் கையிலிருந்த கொசுவத்தைத் தடவினாள்.

"ஏ மேரி, இந்தக் கை மாடல் எங்க தச்ச? கள்ளக்குறிச்சியா?"

"உங்க தம்பிதான் தச்சாரு அண்ணி."

"அவனா! நாளைக்கு இத அளவு ஜாக்கெட்டுக்குக் குட்த்துட்டுப் போ. எங்க டெய்லர்கிட்ட காட்டி நானும் ஒன்னு தச்சிக்கறேன்."

நம் பக்கத்தில் அளவு ஜாக்கெட் கேட்டால் இல்லை என்று சொல்கிற வழக்கமில்லை. கொடுத்தால் டெய்லர் முதல் வேலையாக அதை உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பார். அந்தோணிதாஸ் அவசரமாக, "இல்லக்கா, அதுல கொஞ்சம் ஆல்ட்ரேஷன் பாக்கி கீது" என்று புளுகத் தொடங்கினார்.

ஆனந்தமேரி அவர் முழங்காலில் கை வைத்து நிறுத்தினாள்.

"குடுக்கறேன் அண்ணி. உள்ள எடது பக்கம் ஒரு பை இருக்கும். அத வுட்டுட்டுத் தைக்கச் சொல்லுங்க, உங்களுக்கு அது வேணாம். எனக்கு அந்தப் பக்கத்த எடுத்துட்டாங்க. கட்டிய மட்டும் இல்ல, முழுசா."

சாலம்மாளின் கை கொசுவத்தின் மேலேயே நின்றுவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே" என்று கண் கலங்கினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எங்க தெருவுல பச்சையம்மான்னு ஒருத்தி. அவளுக்கும் இதேதான். தண்ணி புடிக்கக்கூட வெளிய வர்றதில்ல. இந்தக் கல்யாணத்துக்கு எவ்ளோ கூப்ட்டும் ஒடம்பு முடியலன்னுட்டா. இவன் அவளுக்கு ஒன்னு தச்சுக் குடுப்பானா? ஆம்பளைய அளவெடுக்க வுடமாட்டாளே!"

"அவரு எதுக்கு? நான் எடுக்கறேன். வூடு எங்க கீது?"

"பந்தி போட்டாச்சு, மொதல்ல சாப்புடு மேரி."

"பந்தி எங்க ஓடிப் போவுது? நீங்க வூட்டக் காட்டுங்க அண்ணி" என்று எழுந்த ஆனந்தமேரி, வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கிடையில் தன்னுடையதைத் தேடத் தொடங்கினாள்.