முதலாளி ஏலத்தில் எடுத்த வாள்

நீளமான அட்டைப்பெட்டி ஒன்று. கஸ்டம்ஸில் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கோணல்மாணலாக ஒட்டியனுப்பிய பழுப்பு டேப் அதைச் சுற்றியிருந்தது. எங்கள் முதலாளி அதை மேசைமேல் கிடத்தி, பக்கத்திலிருந்த கத்தரிக்கோலைக்கூட எடுக்காமல் நகத்தாலேயே பிய்த்துக்கொண்டிருந்த காலைவேளை இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. மண்ணூர்பேட்டையில் எங்களுடையது சின்னப் பட்டறை. தகடு வெட்டுகிற அச்சுகள் செய்து அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளுக்குக் கொடுப்போம். பில் போடுவது, ஸ்டீல் வரவழைப்பது, முதலாளிக்கு வரும் இங்கிலீஷ் மெயில்களைப் படித்துச் சொல்வது எல்லாம் என் வேலை. அதனால் இந்த வாள் விவகாரமும் என் தலையில்தான் விழுந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வருகிறது. வருத்தம் அதற்குப் பிறகுதான்.

முதலாளிக்குக் கண்தான் மூலதனம். செய்து முடித்த அச்சை ஜன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சத்தில் ஒரு சாய்ப்புச் சாய்த்துப் பார்ப்பார். "இங்க ஒரு மயிரிழ தூக்கிக்கினு கீது, எடுத்துகினு போ" என்பார். கருவி வைத்து அளந்தால் அவர் சொன்ன இடத்தில்தான் குறை இருக்கும். இத்தனைக்கும் அவர் அதைப் பெரிய வித்தையாகக் காட்டிக்கொண்டதில்லை. ஆனால் நான் சொல்லும் அந்த வருடத்தில், அவர் பார்த்துச் சரியென்று அனுப்பிய சரக்கு ஒவ்வொன்றாகத் திரும்பி வர ஆரம்பித்தது. சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பட்டறையில் கூடவே இருந்த மகன்தான் ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "நைனா, நீ ஊட்ல இரு. சரக்கு பாக்குறத நான் பாத்துக்குறேன்." முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எனுக்குக் கண்ணு நல்லாத்தான் கீது. நீ பண்ற வேலதான் நல்லால்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க வெளியே போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் வாள் பைத்தியம் பிடித்தது. அவருக்கு ஜப்பான் என்றால் ஏற்கெனவே ஒரு மயக்கம் உண்டு. பட்டறை ஆரம்பித்த நாளில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜப்பான் கிரைண்டிங் மெஷின் இன்னும் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்ததே காரணம். அந்த ஊர்க்காரர்கள் செய்த எந்தப் பொருளும் மோசம் போகாது என்பது அவர் முடிவு. மொபைலில் பழைய வாள்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அவை ஏலத்துக்கு வரும் தளத்தில் வந்து நின்றார். என் மெயில் முகவரியில்தான் கணக்குத் திறந்தோம்.

என்னென்ன சொல்லித் தடுத்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கே என் தொண்டை வலிக்கிறது. விற்கிறவர் ஜப்பானிலேயே இல்லை, வேறெங்கோ ஒரு நாட்டில் இருக்கிறார். விவரத்தில் 'பழைய ஜப்பானிய பாணி' என்று எழுதியிருக்கிறதே தவிர, வாள் பழையது என்று எங்கேயும் எழுதவில்லை. நல்ல விற்பனையாளர் என்று ஊர்பட்ட பேர் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் அவர்கள் எல்லோரும் அவரிடம் சாவிக்கொத்து வாங்கியவர்கள். கத்தியைப் பத்துக் கோணத்தில் படம் எடுத்துப் போட்டவர், கைப்பிடிக்குள் இருக்கும் பகுதியை மட்டும் காட்டவில்லை. உள்ளது உள்ளபடி விற்பனை, திருப்பி எடுக்க மாட்டோம் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. இவ்வளவையும் தமிழில் வரி வரியாகச் சொன்னேன். முதலாளி படத்தைப் பெரிதாக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஓரத்தப் பாரும்மா. மேகம் கணக்கா ஓடிகினு போவுது பாரு. இது இந்தக் காலத்து வேல கெடையாது. காயிதம் இன்னா சொல்றது, நான் சொல்றேன்."

ஏலம் முடிகிற நேரம் எங்கள் சாப்பாட்டு வேளையில் வந்து தொலைந்தது. கடைசி நிமிடங்களில் யாரோ ஏற்ற, இவர் ஏற்ற, மறுபடி யாரோ ஏற்ற, தயிர்சாதம் கையிலேயே காய்ந்துபோனது. எதிரே நிற்கும் ஆள் யாரென்றே தெரியாத அந்தச் சண்டையில் வேண்டுமென்றேதான் மனிதரைச் சிக்க வைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஜெயித்ததும் பட்டறையே அதிரக் கைதட்டினார். அப்புறம் கஸ்டம்ஸுக்கு நான் எழுதிய விளக்கங்களைச் சொல்ல ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

வாள் வந்த அன்று முதலாளியின் வீட்டுக்காரம்மாவும் பட்டறைக்கு வந்திருந்தார். "கண்ணு தெரியாத மனுசன் கத்தி வாங்கிகினு வந்துகீறாரு. எவனோ நல்லா ஏமாத்திட்டான்" என்றார் சிரித்தபடி. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் அது பட்ட இடம் வேறு. முதலாளி மகன் பக்கம் திரும்பினார். "இது ஒரிஜினல்னு தெரிஞ்சவன் எவனாவது சொல்லட்டும். சொல்லிட்டான்னா என் கண்ணப் பத்தி ஒருத்தனும் பேசக்கூடாது. டூப்ளிகேட்னு சொன்னான்னா நானே ஊட்ல போயி குந்திக்கிறேன்." அன்றிலிருந்து அந்த வாளின் வயதுதான் முதலாளியின் கண்ணுக்குச் சாட்சி என்றாகிவிட்டது.

தெரிந்தவரைத் தேடுகிற வேலையும் எனக்குத்தான் வந்தது. இந்த வாள்களை வெகுகாலமாகச் சேகரித்துவரும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பெங்களூரில் இருப்பது தெரிந்து அவருக்கு எழுதினேன். நல்ல மனிதர், உடனே பதில் போட்டார். கத்தியின் ஓரத்தில் ஓடும் கோடு நம்பிக்கை தருகிறது, ஆனால் அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கைப்பிடியைக் கழற்றி, உள்ளே மறைந்திருக்கும் அடிப்பகுதியைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றார். ஒரு சின்ன மூங்கில் ஆணியைத் தட்டினால் கைப்பிடி தானாக வந்துவிடுமாம். முதலாளியிடம் படித்துக் காட்டினேன். 'நம்பிக்கை தருகிறது' என்ற வார்த்தையை மறுபடியும் படிக்கச் சொன்னார். துரு இருந்தால் துடைத்துவிடாதீர்கள் என்று பேராசிரியர் எழுதியிருக்கவில்லை. அப்படி ஒருவர் செய்வார் என்று அவருக்குத் தோன்றியே இருக்காது. அவருக்கு எங்கள் பட்டறை தெரியாதே.

மறுநாள் ஆயுத பூஜை. நான் சர்ச்சுக்குப் போகிறவள்தான், ஆனால் எங்கள் பட்டறைப் பூஜைக்கு நான் வராமல் இருந்ததில்லை. முந்தின நாளே வேலை நின்றுவிடும். மெஷின், ஸ்பானர், அரம், டிரில் பிட் என்று ஒன்று பாக்கியில்லாமல் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, துரு கண்ட இடத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பளபளவென்று வரிசையாக அடுக்கினால்தான் சந்தனம் குங்குமம். அழுக்கோடு சாமி முன்னால் எதையும் வைக்கக்கூடாது என்பதில் முதலாளி கறார். நான் பொரி, பழம், பூசணிக்காய் வாங்கிக்கொண்டு அன்று மாலையே திரும்பி வந்தபோது அவர் தன் மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். கைப்பிடி ஒரு பக்கம் கிடந்தது. கசங்கிய உப்புத்தாள்கள் தரையெல்லாம். வாள் நுனியிலிருந்து அடிவரை புது எவர்சில்வர் கரண்டி மாதிரி மின்னியது.

"உள்ள ஒரே துருவாக் கெடந்துச்சும்மா. அத்த அப்டியே படம் புடிச்சி ஒரு பெரிய மனுசனுக்கு அனுப்புனா நம்மளப் பத்தி இன்னா நெனைப்பாரு? கத்தியும் மங்கலாத்தான் இருந்துச்சு, பாலிஷ் போடுற பஃப்ல ஒரு ஓட்டு ஓட்டிட்டேன். இப்ப எடு படம்."

எடுத்தேன். அனுப்பினேன். பேராசிரியரிடமிருந்து வந்த முதல் வரி, இதை யார் செய்தது என்ற கேள்வி. பிறகு பொறுமையாக விளக்கியிருந்தார். அந்த அடிப்பகுதியின் கருந்துருதான் வாளின் வயதைச் சொல்வது. அரம் போட்ட தடமும், செய்தவன் பெயரை வெட்டியிருந்தால் அந்த எழுத்தும் அங்கேதான் இருக்கும். அதனால் அந்த இடத்தை மட்டும் தலைமுறை தலைமுறையாக ஒருவரும் தொட மாட்டார்கள். ஓரத்துக் கோடும் பஃப் போட்டதில் மங்கிப்போய்விட்டது. பழையதாகவும் இருக்கலாம், போன வருடம் செய்ததாகவும் இருக்கலாம், இனி என்னால் சொல்ல முடியாது, மன்னியுங்கள் என்று முடித்திருந்தார். விற்றவரிடம் மோதிப் பார்க்கலாம் என்று எழுதினேன். பொருளில் கை வைத்த பிறகு எந்தப் புகாரும் செல்லாது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. யார்மேல் கோபப்படுவது? படத்தை மறைத்தவன்மேலா, ஒரு வார்த்தை சேர்த்து எழுதாத நல்ல மனிதர்மேலா, சுத்தமே சாமி என்றிருந்த முதலாளிமேலா? எல்லோர்மேலும் பட்டேன். போலி என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருந்தால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்திருப்பார். அசலா போலியா என்று தெரியாமலே போனதுதான் அவரை உட்கார வைத்துவிட்டது. யாரும் எதுவும் சொல்லாமலேயே அடுத்த வாரத்திலிருந்து அவர் சரக்கு பார்க்க வரவில்லை.

இப்போது அங்கே கேமரா வைத்து அளக்கும் மெஷின் வந்துவிட்டது. மகன் நன்றாகத்தான் நடத்துகிறான், சரக்கு எதுவும் திரும்புவதில்லை. என் மெயிலுக்கு மட்டும் அந்த ஏலக்காரர்கள் 'உங்களுக்குப் பிடித்த வாள்கள்' என்று சளைக்காமல் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்தச் சொல்லி எத்தனை தரம் அழுத்தினாலும் நிற்பதில்லை.

முதலாளி தவறுவதற்குச் சில மாதம் முன்பு வீட்டுக்குப் பார்க்கப் போயிருந்தேன். அதற்குள் பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது. குரலை வைத்துத்தான் என்னை அடையாளம் கண்டார். வீட்டுக்காரம்மா காபி போட உள்ளே போனதும், என்னை அருகில் கூப்பிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"அன்னிக்கு துரு தேய்க்கறப்போ, அடியில நாலஞ்சு கோடு தெரிஞ்சுதும்மா. யாரோ உளி வெச்சித் தட்டுன மாதிரி. ஸ்கிராட்சுன்னு நெனச்சிகினேன். அது போவுற வரிக்கும் வுடாம தேச்சேன்."

இத்தனை காலம் இதை ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். "அது வெறும் ஸ்கிராட்ச்தான் சார். கண்டதையும் நெனச்சிக் கொழப்பிக்காதீங்க" என்றேன்.

"நீ பாத்தியா?"

"இல்ல சார்."

"நான் பாத்தேன்மா" என்றார்.