வெள்ளை பார்க்கப் போன காலை

ஈரக் கம்பளியை அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் போட்டால், ஆட்டு வாடையும் விறகுப் புகையும் கலந்த ஒரு மணம் எழும்பி வீடு முழுவதும் நிற்கும். மார்கழி பிறந்துவிட்டது என்று எங்களுக்குச் சொன்னது அந்த மணம்தான். வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், சரிவில் ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் லயத்து அறைகளில் ஒன்றில் நான் வளர்ந்தேன். மார்கழியும் தையும் அங்கே வேலை இளைக்கும் மாதங்கள். இரவில் வானம் தெளிந்து குளிர் இறங்க, செடியில் கொழுந்து குறைந்துவிடும். பெண்கள் மலை முழுவதும் அலைந்தாலும் கூடை நிறையாது. அதனால் வருடத்தில் வேறெப்போதும் கிடைக்காத அரைநாட்களும் சாயங்காலங்களும் அந்த மாதங்களில் குடும்பங்களுக்குக் கிடைத்தன.

அவற்றை நாங்கள் வீட்டுக்குள் செலவழித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா எங்களை எல்லாம் கூட்டிக்கொண்டு காட்டு விளிம்புக்கு விறகு பொறுக்கப் போவார். பெண்கள் ஆற்றில் கம்பளிகளை அலசிப் பாறையில் விரிப்பார்கள். அவை காய்வதற்கு முன்பே பிள்ளைகள் நாங்கள் அவற்றின் மேல் படுத்து வெயில் காய்ந்து ஏச்சு வாங்குவோம். சாயங்காலம் கோயில் முற்றத்தில், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளான "மிலாறு"களைக் குவித்துக் கொளுத்திச் சுற்றி உட்காருவோம். இவை எல்லாவற்றையும்விடப் பெரியது ஒன்று இருந்தது: பொங்கல் கழிந்து வரும் முதல் சனி ஞாயிறில் இரண்டு குடும்பமாகச் சேர்ந்து நுவரெலியாவுக்கு "வெள்ளை பார்க்க"ப் போவது.

வெள்ளை என்று நாங்கள் சொன்னது உறைபனியை. வட்டகொடையில் அது விழாது. நுவரெலியாவின் உயரத்தில், குளத்தை அடுத்த குதிரைப் பந்தயத் திடலில், தெளிந்த இரவுக்குப் பிறகு விடியும்போது புல் முழுவதும் உப்புத் தூவியதுபோல் கிடக்கும். வெயில் ஏறினால் போய்விடும். ஆகையால் சனிக்கிழமையே கோச்சி ஏறி நானுஓயாவில் இறங்கி, பஸ் பிடித்து, நுவரெலியா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்த சித்தப்பா வீட்டில் தங்க வேண்டும். அம்மாவின் அக்காவான பெரியம்மாவின் குடும்பம், ரயில் பாதையில் எங்களுக்குக் கீழே இருந்த றொசல்லயில் கோச்சி ஏறி வரும். வட்டகொடையில் நாங்கள் அதே பெட்டியைத் தேடி ஏறுவோம். ரொட்டியும் சம்பலும் பெரியம்மா பொறுப்பு, இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணி அம்மா பொறுப்பு. யார் எப்போது அப்படிப் பிரித்தார்கள் என்று தெரியாது. அது அப்படித்தான் நடந்தது.

நான் சொல்ல வந்த வருடத்தில் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அந்நாட்களில் தோட்டத்துக் குடும்பங்கள் இலங்கை, இந்தியா இரண்டில் ஏதாவது ஒரு நாட்டின் குடியுரிமைக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்பா இலங்கைக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்து, பாஸ்போர்ட்டும் வந்து, மாசிக்குள் கப்பல் ஏறுவதாக இருந்தார். இந்தச் செய்தி அம்மாவுக்கு றொசல்லயிலிருந்து வந்த ஒரு வளையல் வியாபாரியின் வாயால் கிடைத்தது. "கூடப் பொறந்தவ எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல" என்று அன்றைக்கு அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னவள், அதன் பிறகு அக்காவின் பெயரையே எடுக்கவில்லை. பொங்கலுக்கு அங்கிருந்து யாரும் வரவில்லை. இங்கிருந்தும் யாரும் போகவில்லை. பெரியம்மா பேசாமலே போய்விடுவாளோ என்பதுதான் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பயம்.

"வெள்ளை பாக்கப் போறோம்" என்று அப்பா அறிவித்தபோது, அம்மா வர மறுத்தாள். "இந்த வருசம் போகலேன்னா அவங்களோட இனி எந்த வருசம் போவ?" என்றார் அப்பா. அம்மா இஞ்சியை மண்போகக் கழுவத் தொடங்கியதைப் பார்த்து, வருகிறாள் என்று நாங்கள் தெரிந்துகொண்டோம்.

அந்த முறை கோச்சியில் வேறு வேறு பெட்டி. பெரியம்மா குடும்பம் சித்தப்பா வீட்டுக்கு வராமல், நகரத்தில் பெரியப்பாவின் உறவுக்காரர் வீட்டில் தங்கியது. விடிவதற்குச் சற்று முன் நாங்கள் திடலுக்கு வந்தபோது அவர்களும் வந்திருந்தார்கள். ஆனால் ஒரு கூப்பிடு தூரம் தள்ளி நின்றார்கள்.

வெள்ளை அன்றைக்கு நன்றாக விழுந்திருந்தது. வெறுங்காலால் மிதித்தால் புல் சன்னமாக நொறுங்கும். முதலில் ஊசியாகக் குத்தும், பிறகு கால் இருப்பதே தெரியாது. பிள்ளைகளான எங்களுக்குப் பெற்றோரின் எல்லை தெரியவில்லை; தகர மூடியால் பனியைச் சுரண்டி, சீனி தூவி, பெரியம்மா மக்களும் நாங்களும் மாறி மாறித் தின்றோம். குளத்தின் மேல் புகைபோல ஆவி எழுந்து நின்றது. பின்பு மலை விளிம்பில் வெயில் எட்டிப் பார்த்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெண்மை ஓரத்திலிருந்து சுருங்கி வெறும் ஈரமானது.

அதன் பிறகுதான் பசி. அம்மா கம்பளியில் சுற்றிய கேத்தலைத் திறந்து தேத்தண்ணி ஊற்றினாள். குடித்துவிட்டு நாங்கள் அவள் முகத்தைப் பார்த்தோம். ரொட்டி இல்லை. சுடவேண்டும் என்ற எண்ணமே அவளுக்கு வரவில்லை. அது அக்காவின் வேலை. அந்தப் பக்கம் பார்த்தால் பெரியம்மா மூட்டையை அவிழ்த்து ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் மக்கள் காய்ந்த ரொட்டியை விக்கி விக்கி விழுங்கினார்கள். அவர்களிடம் தேத்தண்ணி இல்லை. கோபத்திலும் இருவரும் பழைய கணக்குப்படியே வந்திருந்தார்கள்.

முதலில் குரல் கொடுத்தது பெரியப்பா. "என்னா கொழுந்தியா, கேத்தல் முழுக்க நீங்களே குடிச்சா வயிறு குளமாயிராதா?"

"உங்க ரொட்டிய முழுங்க எங்க குளத்துத் தண்ணிதான் வேணுமோ மச்சான்?" என்று அம்மா திரும்பாமலே சொன்னாள். அப்பா சிரித்துவிட்டார். "சகல, பிள்ளைகளுக்கு விக்குது. இங்கிட்டு வாங்க."

வந்தது பெரியம்மா மட்டும். ரொட்டி மூட்டையை எங்கள் நடுவில் வைத்துவிட்டு அம்மாவுக்கு எதிரே குந்தினாள். அம்மா ஒரு கோப்பையில் ஊற்றி நீட்டினாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"ராமாயி, பேசாமலே அனுப்பிருவியா என்னைய?"

"எழுதிக் குடுக்கறப்ப எங்கிட்டக் கேட்டியாக்கா? இப்ப மட்டும் நான் என்னத்தப் பேச?"

பெரியம்மா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். "எங்கிட்டயே கேக்கலடி. அவரு போய் எல்லாருக்கும் சேத்து எழுதிட்டு வந்து சொன்னாரு. நான் உங்கிட்ட என்னான்னு வந்து சொல்லுவேன்?"

தள்ளி நின்ற பெரியப்பாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவர் தலைப்பாகையை அவிழ்த்து உதறி மறுபடி கட்டத் தொடங்கினார்; கட்டி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அம்மா கேத்தலைக் கீழே வைத்தாள். இத்தனை நாளும் கோபத்தை வேறு ஆள்மேல் வைத்திருந்தோம் என்பது அவளுக்கு விளங்கியது என் கண்ணுக்கே தெரிந்தது. "சாப்பிட்டியா நீ?" என்று மட்டும் கேட்டாள்.

பிறகு குளத்தைச் சுற்றி நடந்தோம். வேறு வருடங்களில் படகில் போகும் துரைமாரையும் மட்டக்குதிரையில் ஏறிய அவர்கள் பிள்ளைகளையும் வேடிக்கை பார்ப்பது என் வழக்கம். அன்றைக்கு முன்னால் போன இரண்டு முதுகுகளையே பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரே கம்பளியை இருவரும் போர்த்தியிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஒரு சுற்று முடியும்வரை பேச்சு நிற்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

திரும்பும்போது எல்லாரும் ஒரே பெட்டி. வட்டகொடையில் வண்டி நின்றது. அப்பா எங்களை ஒவ்வொருவராக இறக்கிவிட்டுக் கேத்தலுக்குக் கை நீட்டினார். அம்மா கேத்தலைக் கொடுத்தாள், இறங்கவில்லை.

"காலையில பெரட்டு இருக்கு" என்றார் அப்பா.

"இருக்கட்டும். நீங்க பிள்ளைகளப் பாத்துக்குங்க. நான் அக்காவோட இருந்துட்டு வாறேன்."

வேலைக்கு ஆள் பார்க்கும் பெரட்டுக்கு அம்மா போகாத நாளை நான் அதுவரை கண்டதில்லை. வண்டி நகர்ந்தபோது பெரியப்பா மட்டும் தலையைக் குனிந்தவாறு இருந்தார். அடுத்த நாள் பொழுது சாய்ந்த பிறகு அம்மா திரும்பி வந்தாள். மாசியில் அவர்கள் கப்பலுக்குப் போன வண்டி எங்கள் பக்கம் வரவில்லை. றொசல்லயிலிருந்து அது கீழ்நோக்கிப் போவது.

இப்போது நான் ஒரு தேயிலை ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். காலையில் புல்தரை வெப்பமானியைப் பார்த்துக் குறிப்பதும் என் வேலைகளில் ஒன்று. நுவரெலியாவில் வெள்ளை முன்போலவே விழுகிறது. அதைப் பார்க்க றொசல்லயில் ஏறி வர எங்களுக்கு யாருமில்லை, சித்தப்பாவும் இந்தியாவுக்குப் போய்விட்டார், கோயில் முற்றத்தில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு குடும்பமாகச் சேர்ந்து எங்கேயாவது போவது என்பதே எங்கள் லயத்தில் அற்றுவிட்டது.

இலங்கைக்கு எழுதிய அப்பாவின் மனு தள்ளுபடியாகி, நாங்கள் எந்த நாட்டுக்கும் இல்லாதவர்களாகி வெகுகாலம் ஆகிறது. இப்போது மறுபடியும் எழுதிக் கொடுக்கும் பேச்சு வந்திருக்கிறது. சென்ற விடுமுறையில் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, எப்படி எழுதலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எல்லாருக்கும் சேத்து எழுதாதீங்க. ஒவ்வொருத்தராக் கேளுங்க. மொதல்ல என்னையக் கேளுங்க."

அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரி, சொல்லு. இங்கயா, அங்கயா?" என்று மரியாதையாகவே கேட்டார். "அங்க அக்கா இருக்கா…" என்று அம்மா தொடங்கினாள். பிறகு வாசலுக்கு வெளியே மலையைப் பார்த்தபடி, பொழுது இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.