குறுக்கே கோடு விழுந்த எருமை

என் மாமாவுக்கு வரையத் தெரியாது. ஆனால் ஓவியத்தை வைத்துத்தான் பிழைத்தார். ஓவியர் ஒருவர் செம்புத் தகட்டில் படத்தைக் கீறித் தருவார். மாமா வடக்குப்பட்டில் பிடித்திருந்த ஷெட்டில் அதற்கு மை பூசித் துடைத்து, ஈரக் காகிதம் வைத்து, உருளை மெஷினில் அழுத்தி எடுத்து, சென்னையில் படம் சேகரிப்பவர்களுக்கு விற்பார். தம்பியின் தொழிலை விளக்க முடியாத அம்மா, "பிரஸ் வெச்சிகீறான்" என்பாள். உடனே கல்யாணப் பத்திரிகை அடிக்க ஆள் வந்துவிடும்!

அந்த வருஷம் எருமைப் படம். மாமா காகிதத்தின் ஓரத்தைப் பிடித்து மெல்ல உரிப்பார். அடேயப்பா! ஏரித் தண்ணீரும், அதில் முதுகு மட்டும் தெரிய முங்கிக் கிடக்கும் எருமையும் எழுந்து வரும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். முப்பது பிரதிக்கு மேல் ஒன்றுகூட எடுப்பதில்லை என்று வாங்கியவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

முப்பதும் விற்ற பிறகு, புதிதாக வந்த கார் கம்பெனியின் அதிகாரி ஒருவர் ஷெட்டுக்கே வந்தார். கெஸ்ட் ஹவுஸில் அறைக்கு அறை அதே எருமை வேண்டுமாம். மாமாவோ வருமானம் போதாமல் ஷெட்டையே மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம்.

"தீந்துபோச்சு சார்."

"தகடு இருக்குதே?"

லாரி தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்த அப்பாவுக்கு, ஒரு ஷிப்டில் எத்தனை வண்டி இறங்கியது என்பதுதான் பெருமை. பக்கத்தில் நின்ற அவருக்குப் பொறுக்கவில்லை. "மெஷினு கீது, தகடு கீது, சாரே தேடி வந்துகீறாரு. இன்னா மச்சான் யோசிக்கிற?"

மாமா எஃகு ஊசியை எடுத்து, தகட்டில் மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்தார். எனக்குப் பல் கூசியது. அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி காரில் ஏறிப் போய்விட்டார்.

அந்தக் கீறல் தகட்டிலும் மாமா ஒரே ஒரு பிரதி எடுத்து, வாசலுக்கு நேராகச் சுவரில் மாட்டினார். எருமை முதுகில் பெருக்கல் குறி! பாவம், வருத்தத்தில் மாட்டியிருக்கிறார் என்று நினைத்து, மறுநாள் ஸ்டூலில் ஏறி என் ரப்பரால் கோட்டை அழிக்கப் பார்த்தேன்.

"அய்யோ, அத்த மட்டும் தொடாத கண்ணு!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார் மாமா.

பின்னாளில் அவர் சென்னையில் பெரிய ஓவியக் கூடம் வைத்தபோதும் வாசலில் அதைத்தான் மாட்டினார். வந்தவர்கள் முதலில் அதைப் பார்த்து, சொன்ன கணக்குக்கு மேல் எடுக்காத ஆள் என்று நம்பிய பிறகுதான் மற்ற படங்களுக்கு விலை கேட்டார்கள். ரப்பரும் கையுமாக நின்ற எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? நல்ல தகட்டைக் கூசாமல் கீறிய மனுஷன், கெட்டுப்போன காகிதத்துக்கு ஏன் இந்தப் பதறு பதறுகிறார் என்றுதான் விழித்தேன்.