தனேஷின் அனுமதி

இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்ல எனக்குத் தெரியாது. பகலில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்க்கிறேன். மாலையில் அதே தெருக்கோடியில் கணினி பழுதுபார்க்கும் வகுப்புக்குப் போகிறேன். அன்றன்று செய்ததை டைரியில் எழுதிவைப்பது வழக்கம். பெரும்பாலும் என் தவறுகள்தான் அதில் இருக்கும். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் நான் எங்கே தவறினேன் என்று எத்தனை தடவை படித்தும் தெரியவில்லை. உங்களில் யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் நிம்மதியாகத் தூங்குவேன்.

கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி குமுதா ஆன்டி வீடு. அவருடைய ஒரே மகன் தனேஷ், காப்பார் சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை. அந்த ஞாயிறு மாலை மழைக்கு நடுவே ஆன்டி எங்கள் கேட்டில் வந்து நின்றார்.

"வாணி, நீ கம்பியூட்டர் படிக்கிறல்ல? கொஞ்சம் வந்து பாரும்மா. அவன் போயிடுவான் போலருக்கு."

எனக்குப் புரியவில்லை. அவர் வீட்டுக்குப் போனதும் அவர் கணவர் பரமேஸ்வரன் அங்கிள்தான் விளக்கினார். வாசலில் தனேஷ் ஒரு கேமரா மாட்டியிருந்தான். பதிவுகள் ஹாலில் இருக்கும் கணினியில் சேரும். இடம் நிறைந்துவிட்டால், இருப்பதில் பழைய நாளைத் தானாகவே அழித்துவிட்டுப் புதிய நாளை எழுதும். அப்படி ஒவ்வொரு நாளாக அழிந்து, இப்போது மிஞ்சியதில் பழையது தனேஷ் கடைசியாக வீட்டை விட்டுக் கிளம்பிய நாள். இன்றிரவு அதுவும் போய்விடும்.

ஆன்டிக்கு அந்தக் காட்சி வேண்டும். அதை ஒரு பென்டிரைவில் ஏற்றித் தர வேண்டும். அவ்வளவுதான்.

"அஞ்சு நிமிஷ வேலை ஆன்டி," என்றேன்.

பதிவுகள் தனேஷின் கணக்குக்குள் இருந்தன. அவன் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அங்கிளின் கணக்கில் நுழைந்து அந்த ஃபோல்டரைச் சொடுக்கினேன். அனுமதி இல்லை என்றது. இது வகுப்பில் பார்த்த பழுதுதான். ஃபோல்டரின் உரிமையாளர் யார் என்று பார்க்க வேண்டும், அதை நம் பெயருக்கு மாற்ற வேண்டும், பிறகு திறக்க வேண்டும். வரிசை எனக்கு மனப்பாடம்.

உரிமையாளர்: தனேஷ். அங்கிள் பெயருக்கு மாற்றினேன். சரி என்று அழுத்தினேன். மூடிவிட்டுத் திறந்தேன்.

உரிமையாளர்: தனேஷ்.

சரியை அழுத்தாமல் விட்டிருப்பேன் என்று நினைத்தேன். என் வழக்கம் அது. மறுபடி மாற்றினேன். இந்த முறை ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன்.

உரிமையாளர்: தனேஷ்.

"இதத்தான் கிளாஸ்ல சொல்லிக் குடுக்கிறாங்களா லா?" என்றார் அங்கிள். சிரிக்க முயன்றார். முடியவில்லை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. முதலில் கொஞ்சம் இடம் காலியாக்கினால் அழிவது நிற்கும் என்று தோன்றியது. பெரிய கேம் ஒன்று இருந்தது. அதை அழிக்கப் பார்த்தேன். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இதைச் செய்ய தனேஷின் அனுமதி தேவை என்றது.

இப்படி வருவது சாதாரணம். எந்தக் கணினியிலும் வரும். ஆனால் அந்த ஹாலில் மாலை போட்ட படத்துக்குக் கீழே உட்கார்ந்து அதைப் படித்தபோது என் கை நின்றுவிட்டது.

"என்னா கேக்குது?" என்றார் ஆன்டி.

சொன்னேன்.

"அவனே இல்ல. யார்கிட்ட போய் கேக்கறது? வேற வழி பாரும்மா," என்றார் அங்கிள்.

ஆன்டி ஏற்கெனவே எழுந்துவிட்டார். அந்த வீட்டில் தனேஷின் எந்தப் பொருளையும் கேட்காமல் எடுத்ததில்லை. அவன் சட்டைகளை ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக்குக் கொடுத்தபோதும் படத்துக்கு முன் சூடம் ஏற்றி, 'எடுத்துக்கிறோம்பா' என்று சொல்லித்தான் எடுத்தார்கள்.

"இதுக்கு மட்டும் நாம கேக்கவே இல்லையே," என்றார்.

"குமுதா, அது மெஷினு."

"மெஷினும் அவனோடதுதானே?"

தட்டில் சூடம் எரிந்தது. படத்துக்குக் காட்டினார். பிறகு திரைக்கும் காட்டினார். "தம்பி, வாணிதான்பா. நம்ம வாணி. குடுத்திடுப்பா."

ஆன்டி மனம் நோகக் கூடாதே என்று 'மீண்டும் முயல்க' என்பதை அழுத்தினேன்.

பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது.

கேம் அழிந்தது. பதிவுகள் இருந்த ஃபோல்டரைச் சொடுக்கினேன். கதவு திறப்பது போலத் திறந்தது.

நான் அங்கிளைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாளின் மாலை மூன்று முதல் இரவு ஒன்பது வரையிலான ஃபோல்டரில் இரண்டு பதிவுகள். முதலாவது மாலை 5.52. தனேஷ் மோட்டாரைத் தள்ளிக்கொண்டு வருகிறான். ஹெல்மெட் மாட்டுகிறான். உள்ளே திரும்பி, "அம்மா, போயிட்டு வரேன்," என்கிறான். ஆன்டி வாயைப் பொத்திக்கொண்டார். அந்த ஒரு பதிவை மட்டும் இழுத்துப் பென்டிரைவில் போட்டேன். ஒன்றே ஒன்று. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டாவது, இரவு 8.14.

"இது யாரு அங்கிள்? சொந்தக்காரங்க வந்ததா?"

"அந்நேரம் யாரும் வரலியே. நான் வேலையிலேர்ந்து நேரா போயி ஆஸ்பத்திரில இருந்தேன்."

திறக்கப் பார்த்தேன்.

தனேஷின் அனுமதி தேவை.

ஆன்டி தயங்கினார். அதை நான் அப்போது கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. மெதுவாகச் சூடம் ஏற்றினார். "அவங்க பாக்கட்டுமாப்பா?" என்று கேட்டார்.

அழுத்தினேன்.

அனுமதி தேவை.

மறுபடி.

அனுமதி தேவை.

சூடம் அணைந்தது. பாதி கூட எரியவில்லை... மின்விசிறி ஓடவில்லை...

டக்.

வெளியே கேட் கொண்டி.

அங்கிள் எழுந்து போனார். திரையின் மூலையில் கேமராவின் நேரடிக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதில் அங்கிள் தெரிந்தார். மழை. வெறும் தெரு.

அங்கிள் கேட்டை அகலமாகத் திறந்தார்.

ஓரமாக ஒதுங்கி நின்றார். யாரோ மோட்டாரை உள்ளே தள்ளிக்கொண்டு வரும்போது வழி விடுவது போல...

பிறகு கேட்டைச் சாத்தினார்.

திரும்பி வந்தார்.

"ஏன் அங்கிள் கேட்டைத் திறந்தீங்க?"

"நான் எங்க திறந்தேன்? படியவிட்டே எறங்கல."

அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

நான் திரையைப் பார்த்தேன்.

மணி 8.14.

ஃபோல்டரில் ஒரே ஒரு பதிவுதான் இருந்தது.

இரண்டாவதைக் காணோம்.

குப்பைத்தொட்டியிலும் இல்லை.

பென்டிரைவை ஆன்டி கையில் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பில் குரு சாரிடம் கேட்டேன். உரிமையாளர் பெயர் திரும்புவதற்குக் காரணம் சொன்னார். பதிவு காணாமல் போனதற்கும், இடம் நிறைந்திருந்தால் நடக்கும் என்று காரணம் சொன்னார். நனைந்த சட்டையைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை.

அன்றே ஆன்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பென்டிரைவ்.

"இதுல ரெண்டு இருக்கு வாணி."

என் மடிக்கணினியில் போட்டேன். 5.52. அதற்குக் கீழே 8.14. அனுமதி எதுவும் கேட்கவில்லை. திறந்துகொண்டது.

மழை. கேட் திறக்கிறது. தனேஷ் வருகிறான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. மோட்டார் இல்லை. கொண்டியைப் போடுகிறான். டக். வீட்டுக்குள் போகிறான்.

அவ்வளவுதான் பதிவு.

விபத்து நடந்தது 6.40 என்று போலிஸ் அறிக்கையில் இருந்தது. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. அடையாளம் காட்டியது அங்கிள்.

"ஆன்டி, அங்கிள் உங்ககிட்ட எப்ப சொன்னாரு?"

"பத்து மணிக்கு மேல. வீட்டுக்கு வந்துதான் சொன்னாரு."

"அப்ப... எட்டு மணிக்கு வீட்ல..."

"நான் மட்டும்தான். வந்தான். சோறு போட்டேன். மீன் குழம்பு. தின்னுட்டு ரூமுக்குப் போய்ப் படுத்துட்டான்."

சாதாரணமாகச் சொன்னார். பென்டிரைவைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அங்கிள்கிட்ட சொல்லிடாத வாணி. தனேஷ் வேணாம்னு சொல்லிட்டான்."

மடிக்கணினியை மூடினேன்.

"எப்ப சொன்னான் ஆன்டி?"

"நேத்து. நீ போனப்புறம்."