தலை தூக்காத நீர்நாய்

ஹெட்லி டோஸருக்குக் காடு பிடிக்காது. மகரந்தம் ஒத்துக்கொள்ளாது, ஈரப்புல்லில் நடந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும், தேனீ வந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். பிரிஸ்டல் நகரத்தில் ஆற்றுக்குத் தெற்கே பெட்மின்ஸ்டரில் பிறந்து, கல்யாணமானதும் நாலு தெரு தள்ளி வீடு வாங்கி, ஆற்றுக்கு வடக்கே க்ளிஃப்டன் மேட்டில் வேலை பார்த்து, அறுபதைத் தொட்டவர். உலகத்தின் பனியும் பாலையும் பவளப்பாறையும் அவர் முன்னால் வந்து நின்றன, அவர் எழுந்து போக வேண்டியிருக்கவில்லை. விலங்குப் படங்களை வெட்டி ஒட்டும் எடிட்டர் அவர். ஜன்னல் இல்லாத அறை. ஒரு பூந்தொட்டி இருந்தது, அதுவும் பிளாஸ்டிக்.

மற்ற ஊர்களில் கப்பல் கட்டுவது, பூட்டு செய்வது மாதிரி அந்த ஊரில் இது ஒரு பிழைப்பு. பப்பில் பக்கத்து மேசைக்காரர் "பென்குயின் இந்த வருஷம் லேட்டு" என்று பஸ்ஸைப் பற்றிச் சொல்வது போல அலுத்துக்கொண்டால், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் உலகத்துக்குச் சொல்லிக்கொள்வதில்லை, ஆனால் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அதைத் தையல் என்பார்கள். ஒரு விலங்கு வேட்டைக்குக் கிளம்பும், இன்னொன்று வேட்டையாடும், மூன்றாவது தின்னும். பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்று. ஹெட்லிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கரடிப் படத்தில் அப்படி மூன்று கரடிகள் இருந்தன. பனிக்குகைக்குள் குட்டிக்குப் பால் கொடுத்த கரடி ஒரு விலங்குக் காட்சிசாலையில் சௌக்கியமாக இருந்த கரடி. அந்தப் படத்தைப் பொய் என்று ஹெட்லி ஒரு நாளும் நினைத்ததில்லை. கரடிகள் அப்படித்தான் வாழ்கின்றன, எந்தக் கரடி என்பது கரடிகளின் சொந்த விஷயம் என்பார். அதனால் கேமராக்காரரிடம் எடிட்டர் "இது அதுதானா?" என்று கேட்பதில்லை. ஒருவர் வீட்டுச் சமாசாரத்தை இன்னொருவர் கிளறாத மரியாதை அது.

அந்த மரியாதையைத்தான் நீர்நாய் கெடுத்துவிட்டது.

படம் எடுத்தவர் ஆலன் ப்ராஸர், வேல்ஸ்காரர், ஹெட்லியின் இருபது வருஷச் சிநேகிதர். ஷெட்லண்ட் தீவின் கடற்கரையில், ஆள் உட்கார்ந்தால் நிமிர முடியாத ஒரு மறைவுக் கூடாரத்தில், இரண்டு குளிர்காலம் கிடந்து ஒரு தாய் நீர்நாயைப் படம் பிடித்திருந்தார். முதல் குளிர்காலம் ஒரு புயலோடு முடிந்தது. நீர்நாய் அலைக்குள் இறங்கியது, ஆலன் ஆஸ்பத்திரிக்குப் போனார். இதயத்தில் பைபாஸ். படுத்துக் கிடந்த மாதங்களில் பார்க்கப் போனவர்களிடமெல்லாம் தன் நெஞ்சைப் பற்றிப் பேசாமல் அந்த விலங்கைப் பற்றியே பேசினார். அதற்கு ப்ரான்வென் என்று பேர்கூட வைத்துவிட்டார். தொழிலில் அது பெரிய தப்பு. பேர் வைத்தால் பிறகு வெட்ட வராது.

அடுத்த குளிர்காலம், டாக்டர் வேண்டாம் என்று சொன்ன பிறகும், மூட்டை கட்டிக்கொண்டு போனார். அதே பாறை. அதே பாசி மேட்டில் உட்கார்ந்து அதே மாதிரி நண்டைக் கடித்துக்கொண்டு ஒரு தாய் நீர்நாய், இரண்டு குட்டிகளோடு. 'அவ இருக்கா' என்று ஆலன் ஹெட்லிக்குச் செய்தி அனுப்பினார். அந்த இரண்டு வார்த்தையில்தான் முழுப் படமும் நின்றது. புயலில் போன தாய் பிழைத்துத் திரும்பி வருகிறாள். தொலைக்காட்சிக்காரர்கள் அதற்குக் கிறிஸ்துமஸ் நேரத்தையே ஒதுக்கிவிட்டார்கள்.

நீர்நாயின் தொண்டையில் வெள்ளைத் திட்டு ஒன்று இருக்கும். ஆளுக்கு ஆள் மாறும். முதல் குளிர்கால நீர்நாய்க்கு அது ஒரு பக்கம் சரிந்த கோடு. இரண்டாவது குளிர்கால நீர்நாய்க்கு இரண்டு புள்ளி. ஹெட்லி அதைக் கண்டுபிடிக்க ஒன்றும் சிரமப்படவில்லை. தினமும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியும். கூடாரத்தின் பொத்தல் வழியாக, மழையில், நம்ப ஆசைப்பட்டு நம்பிய ஒருவரைத் தவிர.

ஹெட்லி இதைத் தயாரிப்பாளர் பிலிப்பா நெதர்காட்டிடம் போய்ச் சொன்னார். முப்பத்தைந்து வயதுப் பெண். அவருக்குக் கோபம் வராது, வேலைதான் வரும்.

"ஹெட்லி, நீங்களா இப்படிப் பேசறீங்க? மூணு கரடியை ஒண்ணாக்கின மனுஷன்."

"அது பாக்கறவங்களுக்குப் பண்ணினது. இது எடுத்தவனுக்கே பண்றது."

"அவருக்கு நாம எதுவும் பண்ணலையே. அவராதானே நம்பறாரு."

"இப்போ எல்லா வீட்டுலயும் நிறுத்தி நிறுத்திப் பாக்கறாங்க. எவனாவது தொண்டையைப் பாத்துட்டு எழுதினா, பொய் சொன்னவன் ஆலன்னு ஆகும்."

பிலிப்பா கொஞ்சம் யோசித்தார். "தொண்டை தெரியாம வெட்டிடுங்களேன்."

அதுதான் சாமர்த்தியம் உள்ளவர்களிடம் இருக்கும் ஆபத்து. முடியாது என்று ஹெட்லியால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் முடியும். படத்தின் பிற்பாதியில் நீர்நாய் நீந்தியது, தின்றது, குட்டியை நக்கியது, தூங்கியது. ஒரு தடவைகூடத் தலையை நிமிர்த்தவில்லை. வெட்டு இருந்த இடமே தெரியவில்லை. முப்பது வருஷத் தொழிலில் இவ்வளவு சுத்தமான வேலை அவர் செய்ததில்லை. அது அவருக்கு அலுப்பாக இருந்தது. சாயங்காலம் பஸ்ஸில் போகும்போது பாலத்துக்குக் கீழே ஆறு சேறும் சகதியுமாக வடிந்து கிடந்தது. அதைப் பார்க்கவும் மனமில்லாமல் எதிர் சீட்டுக்காரரின் தொப்பியைப் பார்த்துக்கொண்டே போனார்.

வீட்டில் மனைவி ஜேன் கேட்டார். "ஆலன் எப்ப வர்றாரு?"

"வியாழக்கிழமை. பாத்துட்டு சரின்னா, அன்னைக்கே படத்தை மூடிடுவோம், அப்புறம் வெட்டறது ஒட்டறது கிடையாது. மறுநாள் குரல் பதிவு."

"சரின்னுதானே சொல்வாரு."

"அதான்" என்றார் ஹெட்லி.

வியாழக்கிழமை மத்தியானம் ஆலன் வந்தார். ஆள் பாதியாகியிருந்தார், குரல் மட்டும் குறையவில்லை.

"என்ன டோஸர், இன்னும் வெயில் படாத காளான் மாதிரியே இருக்கே?"

"நீ வெயில் பட்டு என்ன சாதிச்சே? வாசல் வரைக்கும் நடந்ததுக்கே மூச்சு வாங்குது."

"மேட்டுல ஆபீஸ் கட்டினவனைச் சொல்லணும்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கோட்டுப் பையிலிருந்து காகிதம் சுற்றிய, கறி அடைத்துச் சுட்ட பாஸ்டி ஒன்றை எடுத்துப் பாதியாகப் பிய்த்தார். "ஜேன்கிட்ட சொல்லாதே, எனக்கும் ஆகாது, உனக்கும் ஆகாது. போடு படத்தை."

படம் ஓடியது. பிலிப்பா பின்னால் சுவரோரம் நின்றிருந்தார். முதல் பாதியில் ஆலன் சிரித்தார், புயலில் பேச்சை நிறுத்தினார். பிற்பாதியில் பாஸ்டியைத் தின்பதையும் நிறுத்திவிட்டார். ஹெட்லி திரையைப் பார்க்கவில்லை. திரை வெளிச்சம் விழுந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்தது.

"பிரமாதம்" என்றார் ஆலன். பிலிப்பா மூச்சு விட்டது கேட்டது. "ஆனா டோஸர், என் ஷாட் எங்கே?"

"எது?"

"எதுன்னு கேக்கறியா? நான் திரும்பிப் போன அன்னைக்கு எடுத்தது. நண்டைக் கீழே போட்டுட்டு, நிமிர்ந்து, நேரா என்னைப் பாப்பா பாரு. அது ஒண்ணுக்காகத்தான் ரெண்டாவது தடவை போனேன்னு வெச்சுக்கோயேன்."

ஹெட்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஃபோகஸ் கொஞ்சம் சரியில்லே, ஆலன்."

கேமராக்காரரைப் பார்த்துச் சொல்லக்கூடாத வார்த்தை அது. குடும்பத்தைப் பற்றிச் சொன்னால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள்.

"என்னது?"

"லேசா. உனக்குத் தெரியாது, பெரிய திரையில…"

"எனக்கா தெரியாது? நெஞ்சைத்தான்யா பொளந்தாங்க, கண்ணைப் பிடுங்கலையே. போடு அதை."

"இன்னொரு நாள் பாக்கலாம், ஆலன்" என்றார் பிலிப்பா. "இன்னைக்கு மூடியாகணும்."

"நீங்க சும்மா இருங்கம்மா. இது எனக்கும் இவனுக்கும். போடு, டோஸர்."

போட்டார். வேறு வழியில்லை. நீர்நாய் நண்டைக் கீழே போட்டது, நிமிர்ந்தது, மழைக்குள்ளிருந்து நேராகப் பார்த்தது. மீசையின் ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. ஃபோகஸ் அவ்வளவு சுத்தம்.

"இதுவா சரியில்லே?" ஆலனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "என்ன ஆச்சு உனக்கு? வயசாயிடுச்சா? இல்லே வேற ஏதாவது…"

ஹெட்லி அந்தப் படத்தை நிறுத்தினார். முதல் குளிர்காலத்தில் எடுத்த ஒரு ஷாட்டைத் தேடி, அதையும் தலை நிமிர்ந்த இடத்தில் நிறுத்தி, பக்கத்தில் வைத்தார். பிறகு கையை மடியில் போட்டுக்கொண்டார்.

ஆலன் இரண்டையும் பார்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். அவர் பார்த்துவிட்டது ஹெட்லிக்குத் தெரிந்தது, ஏனென்றால் பாதி பாஸ்டியை மெதுவாகக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தார். சுற்றி முடித்ததும் மறுபடி பிரித்தார்.

"எப்ப தெரியும் உனக்கு?"

"கொஞ்ச நாளா."

"அதனாலதான் இவ தலையையே தூக்கலையா, படம் பூரா?"

"ம்."

"நல்லா பண்ணியிருக்கே" என்றார் ஆலன். பாராட்டா திட்டா என்று சொல்ல முடியவில்லை. "அடையாளம் கண்டுட்டுத்தான் பாக்கறான்னு நெனச்சேன். கூடாரத்துல உக்காந்து அழுதேன், தெரியுமா? இவ என்னடான்னா, என்ன கண்றாவிடா இது, பாறையில பச்சைத் துணின்னு பாத்திருக்கா."

ஹெட்லி சிரிக்கவில்லை. ஆலனும் சிரிக்கவில்லை. யாராவது ஒருவர் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பழையவளோட கடைசி ஷாட் எது?"

"புயல் அன்னைக்கு எடுத்தது. அலைக்குள்ள இறங்கறது."

"அதுல எங்கே வெட்டினே?"

"வால் மறைஞ்சதும்."

"அதுக்கப்புறமும் நான் நிறுத்தலை. ஓட விட்டேன். வருவாளான்னு பாத்துட்டே இருந்தேன். வெறும் தண்ணிதான். அதை வெட்டாம விடு." பிறகு திரையில் இரண்டு புள்ளிக்காரியைக் காட்டினார். "இவளையும் தலை தூக்க விடு. இவ பாவம், இவ என்ன பண்ணினா?"

"ஆலன்" என்றார் பிலிப்பா, "தாய் திரும்பி வர்றான்னுதான் இந்தப் படத்தையே வித்திருக்கோம். கிறிஸ்துமஸுக்கு."

"திரும்பி வரலையேம்மா. இடம் காலியாச்சு, வேற ஒருத்தி வந்து குடியேறினா. அவ்வளவுதான் கதை. எங்க ஊர்ல பாதி வீடு அப்படித்தான்."

"நாளைக்குக் குரல் பதிவு இருக்கு."

"பேசறவருக்கும் ஒரு நாள் லீவு கிடைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஆலன் எழுந்தார், மூச்சு வாங்கியது, மறுபடி உட்கார்ந்துகொண்டார். பிலிப்பா ஹெட்லியைப் பார்த்தார். ஹெட்லி தன் வாழ்க்கையின் மிகச் சுத்தமான வெட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்திருந்தார். பிலிப்பா போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவருக்குக் கோபம் வராது.

படம் கிறிஸ்துமஸ் நேரத்தை இழந்தது. பிப்ரவரியில், தோட்டம் பற்றிய ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு, வெறும் தண்ணீர் நீண்ட நேரம் ஓடிய அந்த இடம் உட்பட, ஒளிபரப்பாகும் என்று முடிவானது. வேலை இரண்டு மடங்கு ஆயிற்று. ஹெட்லிக்குக் கண் எரிந்தது, தோள் வலித்தது. உண்மை பேசியதால் மனம் லேசாகிவிடும் என்று யாரோ எழுதியதைப் படித்த ஞாபகம். அவருக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. முன்னைவிடக் களைப்பாக இருந்தது, ஆனால் பஸ்ஸில் ஆற்றைப் பார்க்க முடிந்தது.

ஆலன் வந்துபோன அந்த வார ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி வைத்துவிட்டு ஜேன் வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"நீர்நாய்க்குப் பதிலா கிறிஸ்துமஸுக்கு என்ன போடறாங்க தெரியுமா? உன் கரடியைத்தான் மறுபடி."

"அப்படியா?"

"எத்தனை தடவை பாத்தாலும், அவ்வளவு பனியையும் தாண்டி அது கடைசியிலே வந்து சேர்ற இடத்துல எனக்கு அழுகை வந்துடும். இந்தத் தடவையும் வந்து சேர்ந்துடும்ல?" என்று தன்னையே கேலி செய்துகொண்டார்.

ஹெட்லி அவரைப் பார்த்தார். சொல்லலாம். ஒரு வாரத்தில் ஒருவரிடம் சொல்லியாயிற்று, இன்னொருவரிடமும் சொல்லலாம்.

"வந்து சேர்ந்துடும்" என்றார். அவருக்குத் தெரிந்து மூன்று கரடியும் சேர்ந்துவிட்டன. "டீ போடட்டுமா?"