நடு சீட்டுக்காரன்

என் பர்ஸில் பத்து வருடமாக ஒரு சினிமா டிக்கெட் இருக்கிறது. பாதி கிழிக்கப்பட்ட டிக்கெட். அச்சு முழுக்க மங்கிவிட்டது. ஜி வரிசை, பன்னிரண்டாம் எண் என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால்தான் அதை என்னால் படிக்க முடிகிறது. பதினொன்றில் என் அக்கா உட்கார்ந்திருந்தாள், பதின்மூன்றில் அவள் கணவர். பேசிக்கொள்ளாத புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் இரண்டரை மணி நேரம் உட்காருவதை எந்தத் தம்பியும் விரும்பிச் செய்யமாட்டான். நான் போனதற்குக் காரணம் எளிமையானது. டிக்கெட் இலவசம், இடைவேளையில் பப்ஸ் நிச்சயம், அந்த நாளில் எனக்கு வேறு வேலை எதுவும் கிடையாது.

அக்கா கணவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். கீழ்பென்னாத்தூர்க்காரர். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலை போடும் அளவுக்குக் கொஞ்சம் நிலம், வாடகைக்கு ஓட்டுகிற வேன் ஒன்று. வேனுக்குள் ஒரே ஒரு பாடகரின் பாட்டுத்தான் ஓடும். பெண் அழைப்புக்குப் போனாலும் சரி, துக்க வீட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனாலும் சரி. துக்கத்துக்குப் போகும்போது சத்தத்தைக் கம்மியாக வைப்பார், அவ்வளவுதான் மரியாதை. அந்தப் பாடகர் அந்தச் சமயத்தில் கதாநாயகனாகவும் ஆகியிருந்தார். வருடத்துக்கு ஒன்றிரண்டு படம், எல்லாம் லேசான காதல் படங்கள். வில்லன் இருக்கமாட்டான். இடைவேளை வரை முறைத்துவிட்டு அதற்கப்புறம் சிரிக்கத் தொடங்கும் ஓர் அப்பா இருப்பார். கதாநாயகனுக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது, அவன் சட்டைகள் மட்டும் நன்றாக இருக்கும். பாடும்போது பாடகர் முகத்தில் ஆயிரம் விளக்கு எரியும். பாட்டு நின்றதும் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரின் முகமாகிவிடும். நடிப்பைப் பற்றிக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. எங்கள் வீட்டில் நான் படிக்கிற மாதிரி மூன்று வருடம் நடித்தேன், ஒரு நாள்கூட யாரும் நம்பவில்லை.

பொதுவாகப் பாட்டு வந்தால் தியேட்டரில் பாதி ஆண்கள் எழுந்து வெளியே போவார்கள். மாமா நேரெதிர். பாட்டு வந்ததும் நிமிர்ந்து உட்காருவார். கதை தொடங்கியதும் டீ குடிக்கப் போய்விடுவார். பாட்டு ஓடும்போது பக்கத்தில் யாராவது பேசினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், எதிரில் வருகிற லாரிக்காரனைப் பார்க்கிற பார்வை. இப்படியே அந்தப் பாடகரின் எல்லாப் படங்களையும் பார்த்து முடித்திருந்தார், ஒன்றின் கதையைக்கூட அவரால் சொல்ல முடியாது. அவரைப் பொறுத்தவரை ஓர் ஆணும் பெண்ணும் சண்டை போடுவார்கள், ஒரு பாட்டு வரும், பாட்டு முடியும்போது கை கோத்திருப்பார்கள். நடுவில் நடப்பது டீ நேரம். வாழ்க்கையும் அப்படித்தான் என்று அவர் மனதார நம்பினார். நம்பிக் கெட்டார்.

நடந்தது இதுதான். அக்காவும் நானும் அந்த வருடம் குரூப் ஃபோர் தேர்வுக்கு விண்ணப்பித்திருந்தோம். அக்கா கல்யாணத்துக்குப் பிறகும் விடாமல் படித்தாள். அடுப்பில் உலை கொதிக்கும்போதுகூட அவள் கையில் பொது அறிவுப் புத்தகம் இருக்கும். என் பொது அறிவை, இருக்கிற நிலையே போதும் என்று விட்டுவைத்திருந்தேன். தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலையில். வேனில் கொண்டுவந்து விடுவதாக மாமா சொல்லியிருந்தார். அன்று நல்ல முகூர்த்தம், முந்தைய நாள் ஒரு கல்யாணக்காரர் வந்து கெஞ்ச, ஒரே ஒரு ட்ரிப்தானே என்று ஒப்புக்கொண்டுவிட்டார். அக்காவைக் காலையில் பஸ் ஏற்றிவிட்டு, நேரம் நிறைய இருக்கிறது என்று தைரியமும் சொல்லி அனுப்பினார். அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக விடிந்ததிலிருந்தே பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், எல்லாரும் இறங்கி நடக்கத்தான் வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதே ரோட்டில் வேன் ஓட்டுகிற மனிதர் அதை மறந்தார். முகூர்த்தம் பார்த்தவர் நிலாவைப் பார்க்கவில்லை. அக்கா ஹால் டிக்கெட்டும் கையுமாகக் கூட்டத்துக்குள் ஓடி, தேர்வு நடந்த பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது கேட்டை மூடியிருந்தார்கள். எதுவும் படிக்காத நான் நண்பனின் பைக்கில் அரை மணி நேரம் முன்னதாகவே அதே பள்ளிக்கூடத்துக்குப் போய், கேட் மூடிய பிறகு மெதுவாக மாடியேறி, மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்ததில் மகிழ்ந்தேன்.

மத்தியானம் மாமா வேனோடு வந்தார். கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நின்றிருந்த அக்காவையும் தேர்வு எழுதிவிட்டு வந்த என்னையும் ஏற்றிக்கொண்டார். என்ன சொல்வதென்று தெரியவில்லை போலிருக்கிறது, தெரிந்ததைச் செய்தார். பாட்டுப் போட்டார். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் பிடித்த பாட்டாம். வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலில் என்னை இறக்க வேன் நின்றதும் எனக்கு முன்னால் அக்கா இறங்கி உள்ளே போய்விட்டாள். பாட்டு அப்போது இரண்டாவது சரணத்தில் இருந்தது. அவள் திரும்பி வரவில்லை. இனிமேல் கீழ்பென்னாத்தூர் இல்லை என்று அம்மாவிடம் சொன்னதாக மறுநாள் எனக்குத் தெரிந்தது.

மாமா இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்து கூடத்தில் உட்காருவார். அக்கா உள்ளறையில் படித்துக்கொண்டிருப்பாள். பேச்செல்லாம் என் வழியாகத்தான். "மச்சான், உங்க அக்காவ சாப்பிட்டாளானு கேளு" என்பார், ஆறடி தூரத்தில். "உங்க மாமாவ கேளு, பௌர்ணமினு ஒன்னு மாசாமாசம் வருது, அது தெரியுமா தெரியாதானு" என்று பதில் வரும். நான் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலி கண்டதுதான் மிச்சம். பத்திரமாக இருக்கட்டும் என்று நடுநடுவில் சில சொற்களை நானாக மாற்றியும் சொல்லிப் பார்த்தேன். ஆறடி தூரத்தில் அதற்கும் வழியில்லை, இருவருக்கும் காது நன்றாகக் கேட்டது.

மூன்றாவது மாதம் அந்தப் பாடகரின் புதுப் படம் வந்தது. பாட்டுகள் முன்பே வந்து வேனில் ஓடித் தேய்ந்திருந்தன. கடைசிப் பாட்டு ஒன்று, பிரிந்தவர்கள் சேருகிற பாட்டு, மாமாவுக்கு அதன் மேல் பெரிய நம்பிக்கை. "இன்னா மச்சான், அந்தப் பாட்டு ஸ்கிரீன்ல வந்துச்சுனா உங்க அக்கா கல்லா இருந்தாலும் கரைஞ்சிடுவா" என்று வாசலில் நின்று ரகசியமாகச் சொன்னார். மூன்று டிக்கெட் வாங்கியிருந்தார். அக்கா வருவாள் என்று நான் நினைக்கவில்லை. அம்மா ஏதோ சொல்ல, நான் நடுவில் உட்கார்ந்தால் வருவதாக ஒப்புக்கொண்டாள்.

படம் எதிர்பார்த்தபடியே போனது. கதாநாயகி ஸ்கூட்டரில் வந்தாள், பாட்டு. மழை பெய்தது, பாட்டு. பனிமலையில் அவள் மெல்லிய சேலையிலும் அவர் கம்பளிக் கோட்டிலும் நின்றார்கள், பாட்டு. எனக்கு இடது பக்கம் அக்கா கைகட்டி உட்கார்ந்திருந்தாள், வலது பக்கம் மாமா ஒவ்வொரு பாட்டுக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து, அக்கா கரைகிறாளா என்று என் மூக்கைத் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்கார்ன் என் மடி வழியாக அந்தப் பக்கம் போய், தொடப்படாமல் இந்தப் பக்கம் வந்தது. அந்தப் போக்குவரத்தில் வழிச்சுங்கமாக நான் எடுத்துக்கொண்டது கொஞ்சம் ஜாஸ்தி. நான்காவது பாட்டு முடிந்ததும் அக்கா என்னிடம் சொன்னாள், பதின்மூன்றாம் எண்ணுக்குக் கேட்கிற சத்தத்தில். "இத்தன பாட்டு பாடறானே, அவ இன்னா படிச்சா, இன்னா ஆவணும்னு நெனைக்கறானு ஒரு தடவ கேட்டானா பாரு."

மாமா அதற்கப்புறம் கதை வந்தபோது டீ குடிக்கவும் எழுந்து போகவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படத்தின் கதையைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை என்பது அவருடைய துரதிர்ஷ்டம்.

கடைசிப் பாட்டு தொடங்கியபோது நான் எழுந்தேன். பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். இடைவேளையில் இரண்டு கோலி சோடா குடித்திருந்தேன். போய்விட்டு வந்து கதவைத் தள்ளினால் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வரிசையில் என் இடம் காலியாகவே இருந்தது. அந்தக் காலி இடத்துக்கு மேலே அக்கா சாய்ந்து, மாமாவின் காதில் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாட்டுச் சத்தத்தில் கத்தாமல் எதுவும் கேட்காது. கத்தியதால் நடைவழியில் நின்ற எனக்கும் கேட்டது.

"கேட் கம்பி வழியா பாக்கறேன், உள்ள இவன் கொட்டாவி விட்டுக்கினு படியேறிப் போறான். நான் வெளிய நிக்கறேன். வாட்ச்மேன் என் மூஞ்சியக்கூட பாக்கல."

மாமா தலையைக் குனிந்து காதைக் கொடுத்திருந்தார். எதிரே திரையில் அவருடைய பாட்டு, மூன்று மாதமாகக் காத்திருந்த பாட்டு. அவர் அதைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு சொல்தான் சொன்னார்.

"அப்புறம்?"

அக்கா மேலே சொன்னாள். மரத்தடியில் நின்ற மூன்று மணி நேரத்தைச் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். நான் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன். பின்வரிசையிலிருந்து யாரோ உட்காரச் சொல்லித் திட்டினார்கள். கொட்டாவி விட்டது எனக்கு நினைவில் இல்லை. விட்டிருப்பேன்.

படம் விட்டதும் அக்கா என்னோடுதான் வேங்கிக்காலுக்கு வந்தாள். மாமாவும் கூப்பிடவில்லை. வேனில் ஏறும்போது மட்டும் என்னிடம் கேட்டார், அந்தக் கடைசிப் பாட்டை எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று. எனக்கும் தெரியவில்லை. நாங்கள் மூன்று பேரும் அந்தத் தியேட்டரில் இருந்தோம், ஒருவருமே அதைப் பார்க்கவில்லை.

அதன் பிறகும் ஐந்து மாதம் அக்கா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். படங்களில் நாலரை நிமிடத்தில் முடிகிற வேலை. மாமா முன்பு போலவே வந்தார், ஆனால் கேள்விகளை நேராக உள்ளறை வாசலில் நின்று கேட்டார். இன்றைக்கு என்ன படித்தாய் என்று கேட்பார், பதிலில் பாதி புரியாமல் நிற்பார், அப்படியும் போகமாட்டார். எனக்கு வேலை போய்விட்டது, கழுத்து வலியும் போய்விட்டது. அடுத்த தேர்வு அறிவிப்பு வந்ததும் காலண்டரில் தேர்வு வருகிற மாதத் தாளைக் கிழித்து வேனின் முன்கண்ணாடியில் ஒட்டிவைத்தார். பௌர்ணமியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். தேர்வு நாளுக்குக் கேட்டு வந்த கல்யாண ட்ரிப்பை வேண்டாம் என்றுவிட்டு, அன்று காலி வேனோடு ஆறு மணிக்கெல்லாம் எங்கள் வாசலில் நின்றார். தேர்வு முடிகிறவரை பள்ளிக்கூடத்துக்கு எதிரேயே இருந்தார். பாட்டுப் போடவில்லை. அக்கா வெளியே வந்து முன்சீட்டில் ஏறி, ஒவ்வொரு கேள்வியாகச் சொல்லத் தொடங்கினாள். வேங்கிக்காலுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. வேன் திரும்பவில்லை, கீழ்பென்னாத்தூர் ரோட்டில் நேராகப் போனது. பின்சீட்டில் நானும் இருந்தேன். என்னை இறக்கிவிட இருவருக்குமே ஞாபகமில்லை.

அக்கா இப்போது தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறாள். நான் அந்தத் தேர்வையும் அதற்கடுத்ததையும் எழுதி, அரசாங்கத்தை என்னிடமிருந்து காப்பாற்றினேன். ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஸ்கூட்டர் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறேன். மன அமைதி தேடி வருகிறவர்கள், அதைச் சீக்கிரம் போய்ச் சேர என்னிடம் வண்டி எடுக்கிறார்கள். கல்யாணமும் ஆகிவிட்டது. மனைவி ஆசிரியை. போன மாதம் ஒரு நாள் கடையில் வண்டி எல்லாம் தீர்ந்துபோய், ஒரே ஒரு ட்ரிப்தானே என்று அவள் ஸ்கூட்டரை எடுத்து ஒரு வெளிநாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அன்று அவள் பள்ளியில் ஆய்வு. அவள் ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோது அதிகாரிகள் அவள் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தார்களாம். இதுகூட அவள் என்னிடம் சொல்லித் தெரிந்ததல்ல. ஒன்பது நாள் அவள் என்னிடம் எதையுமே சொல்லவில்லை.

பத்தாம் நாள் மாமா கடைக்கு வந்தார். "மூணு டிக்கெட் போட்டிருக்கேன், கெளம்பு" என்றார். அக்கா வரவில்லையா என்று கேட்டேன். "அவளுக்கு ஆபீஸ்ல ஜமாபந்தி கணக்கு வேலை. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் உக்கார்றேன்."

அதே பாடகர். கொஞ்சம் பருத்திருந்தார், முடி முன்பைவிடக் கறுத்திருந்தது. கதாநாயகிக்கு மட்டும் வயது ஏறவில்லை. இந்த முறை பர்ஸில் வைத்துக்கொள்ளக் கிழிந்த டிக்கெட் கிடையாது, மாமாவின் போனில் ஒரு கறுப்புக் கட்டம், அதை வாசலில் காட்டினால் முடிந்தது. மனைவி அந்தப் பக்கம் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். பாப்கார்ன் மாமா மடி வழியாகப் போய்த் திரும்பி வந்தது. அவரும் சுங்கம் எடுத்துக்கொண்டார்.

கடைசிப் பாட்டு தொடங்கியது. மாமா நிமிர்ந்து உட்காருவார் என்று பார்த்தேன். அவர் எழுந்தார். என் முழங்காலைத் தட்டிவிட்டு, திரையைத் திரும்பியும் பார்க்காமல், வரிசையை விட்டு வெளியே போனார்.

நடுவில் காலி இடம். மனைவி திரையைப் பார்த்தபடியே சொன்னாள், "அன்னிக்கு அந்த ஆட்டோக்காரன் காந்தி சிலைக்கிட்டயே எறக்கிவிட்டுட்டான்."

நான் காலி இடத்துக்கு மேலே சாய்ந்தேன்.

"அப்புறம்?"

அந்தப் பாட்டை எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.