அக்காவின் சாமியறையில் ஒரு கிழங்குப் படம்

எங்கள் அக்காவின் ஓராண்டு நினைவு மலரில் எழுதும் பொறுப்பு தங்கையான என்மேல் விழுந்திருக்கிறது. அவரைப் பராமரித்த களைப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை. குறையிருந்தால் உறவுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா சாவகச்சேரியில் பிறந்தார். இளவயதில் கணவரை இழந்து, ஒரே மகளோடு மொன்றியல் வந்து, செயின்ட்-மிஷேலில் ஒரு தையல் தொழிற்சாலையில் முதுகொடிய உழைத்தார். பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிய பிறகும் தொழிற்சாலைக்கான நீண்ட பஸ் பயணம் அவரை விடவில்லை. அவரைப் பொறுமைசாலி என்று எல்லோரும் சொல்வார்கள். வீட்டில் அவர் பிடிவாதம் எங்களுக்குத்தான் தெரியும். அவுஸ்திரேலியாவுக்கு வேலைக்குப் போன மகள் அங்கே ஒரு வெள்ளைக்காரரை மணந்ததும் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். நாங்களும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனோம்.

அக்காவுக்கு நோய் வருத்தம் கடுமை என்று கேள்விப்பட்டு மகள் ஒரு படம் அனுப்பினாள். அந்நாட்டு ஆதிக்குடிப் பெண் ஒருவர் வரைந்தது. எங்கும் புள்ளிகள், வட்டத்துக்குள் வட்டம். அக்கா அதை யந்திரம் என்று எண்ணி, சாமியறையில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் பூசிவிட்டார். மகளோடு பேசமாட்டாராம், மகள் அனுப்பிய சாமியை மட்டும் கும்பிடுவாராம்!

எந்தச் சாமி என்று கேட்கச் சொன்னார். தொலைபேசி அட்டையைச் சுரண்டி, அக்காவுக்கும் கேட்கும்படி மகளை அழைத்தேன்.

“சித்தி, அது சாமியில்லை, காட்டுக்கிழங்கு. வட்டம் கிழங்கு, நெளிஞ்சு போறது வேர். லாடம் மாதிரி இருக்கிறது நிலத்திலை குந்தியிருக்கிற ரெண்டு பொம்பிளையள், பக்கத்துக் கோடு கிண்டுற தடி. அந்த ரெண்டு பேரும் தாயும் மகளும் எண்டு படம் கீறின அம்மா சொன்னவ. அவையின்ரை சடங்கிலையும் இந்தக் கிழங்கு வருமாம்.”

குங்குமத்தைத் துடைக்கட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன்.

“இருக்கட்டும். பசியாத்திறதும் சாமிதானே.” பிறகு, “தாய் எது, மகள் எது எண்டு கேள்” என்றார்.

“ரெண்டையும் ஒரே மாதிரித்தான் கீறியிருக்கு, சித்தி.”

அக்கா நெடுநேரம் படத்தையே பார்த்தார். “அப்ப வரச் சொல்லு.”

மகள் வந்தபோது அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தார். கட்டிலருகே அழுதுகொண்டு நின்றவளிடம் “சாப்பிட்டியோ?” என்றுதான் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

கடைசி நாட்களில் வேலை முடிந்த அலுப்போடும் சோறு கறி சமைத்துக் கொண்டுவந்த உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்காவால் அப்போது ஒரு வாயும் விழுங்க முடியவில்லை. நீங்கள் தந்ததையெல்லாம் மகளே சாப்பிட்டாள். அவள் கை கழுவும்வரை அக்கா கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற வயிறு குளிர்ந்தது. உங்கள் எல்லோருக்கும் எங்கள் நன்றி.